நடு இருக்கையை வெட்டிய படகு

ஸ்டாடார்ட், விஸ்கான்சின்
9 ஏப்ரல் 2006

லைல்,

இது சமாதானக் கடிதம் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் மச்சான் வெர்ன் எதிரே உட்கார்ந்துகொண்டு, "எழுதுறியா இல்லையா, எழுதுறியா இல்லையா"ன்னு காலையிலிருந்து பிடுங்கி எடுப்பதால் எழுதுகிறேன். போன் பண்ணலாமே என்று கேட்பாய். உன் குரலைக் கேட்டால் எனக்கு அந்த நவம்பர் காலைதான் கண்முன்னால் வருகிறது. இரண்டரை வருஷமாக நீ போன் பதிவுக் கருவியில் விட்ட செய்திகளில் ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை. "அக்கா" என்ற முதல் வார்த்தை வந்ததும் அழித்துவிடுவேன். இனியும் அப்படித்தான். எழுத்தில் என்றால் குரல் இல்லை, அதனால் பரவாயில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். படகு ஒன்று வாங்கியிருக்கிறேன். பழையது. பதினாறடி அலுமினியம், தட்டையான அடி, குறுக்கே மூன்று இருக்கைகள். வைரோக்வா பக்கத்தில் ஒரு பால்பண்ணைக்காரரின் கொட்டகையில் கவிழ்ந்து கிடந்தது. மேலே கோழிகள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. கோடையில் மீனுக்கும் இலையுதிர் காலத்தில் வாத்து வேட்டைக்கும் அந்த ஒரே படகுதான். நானே அதை மாற்றிக் கட்டப் போகிறேன்.

எல்லாம் வெர்னுக்காக. உன் படகு மூழ்கி நீங்கள் இரண்டு பேரும் அந்தப் பனித் தண்ணீரில் ஒரு மணி நேரம் கிடந்தீர்களே, அதற்குப் பிறகு அவருடைய நுரையீரல் பழைய நிலைக்கு வரவே இல்லை. நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுகிறார். போன மாதம் வாத்துக்கள் வடக்கே திரும்பும் சத்தம் கேட்டுச் சன்னலைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். "ஆர்டிஸ், இன்னும் ஒரே ஒரு தடவை. நவம்பர்ல, பச்சைத்தலை வாத்து இறங்குறப்போ. அதுக்கப்புறம் உன்னை ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றார். இந்த மனிதர் இருபத்தாறு வருஷத்தில் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை.

டாக்டரிடம் போனேன். போகலாம், ஆனால் குனியக்கூடாது, எதையும் தாண்டி ஏறக்கூடாது, முதுகு சாய்க்க நாற்காலி வேண்டும் என்றார். இன்னொரு முறை குளிர்ந்த தண்ணீரில் விழுந்தால் அவ்வளவுதான் என்றும் சொன்னார். அதனால் நடு இருக்கையை எடுத்துவிட்டுச் சமமாகத் தரை போட வேண்டும். வெட்டலாமா கூடாதா? தரைக்கு எந்தப் பலகை? ஆமாம், இல்லை என்று எழுது போதும். கதை வேண்டாம்.

ஆர்டிஸ்

*

ஹ்யூரான் ஏரி, வடக்கே போகும் வழியில்
18 ஏப்ரல்

அக்கா,

டெட்ராய்ட் ஆற்றில் எங்கள் தாதுக் கப்பல் நிற்காது. தபால் படகு ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும், நாங்கள் கயிற்றில் வாளியை இறக்குவோம், கடிதங்கள் மேலே வரும். நேற்று வாளியில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் அம்மா போய்விட்டாள் என்று நினைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அப்புறம்தான் அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறதே என்று உறைத்தது. சிரிக்காதே. சரி, சிரி.

ஆமாம், இல்லை என்று மட்டும் எழுத என்னால் முடியாது. உனக்கே தெரியும்.

நடு இருக்கையைத் திறந்து பார், உள்ளே மஞ்சள் நுரைக்கட்டி அடைத்திருக்கும். படகு நிறையத் தண்ணீர் புகுந்தாலும் அதை மிதக்க வைப்பது அந்த நுரைதான். என் படகில் நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியாது. மச்சானிடமும் சொன்னதில்லை. தோட்டாப் பெட்டி வைக்க இடம் போதவில்லை என்று அந்த நுரையைப் பிடுங்கிக் குப்பையில் போட்டேன். அதனால்தான் அன்றைக்கு அந்தப் படகு கல் மாதிரி கீழே போயிற்று. நீ இத்தனை நாளாக, நிஜ வாத்துக்களை இறங்க வைக்க நாங்கள் மிதக்கவிடும் பொம்மை வாத்து மூட்டையைத்தான் திட்டுகிறாய். கூடுதல் மூட்டை ஏற்றியது நான்தான், அது பாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் கடைசியில் நாங்கள் பிடித்துத் தொங்கியது அந்த மூட்டையைத்தான். நுரை இருந்திருந்தால் தண்ணீருக்குள்ளேயே போயிருக்க மாட்டோம். இந்த வரியை மூன்று தடவை அடித்துத் திருத்தியிருக்கிறேன். இஞ்சின் அதிர்வு என்று வைத்துக்கொள்.

அதனால் இருக்கையை வெட்டலாம், ஆனால் முழுசாக வெட்டாதே. இரண்டு ஓரத்திலும் ஒரு முழம் விட்டு நடுவை மட்டும் எடு. இல்லாவிட்டால் பக்கத் தகடு வயிறு தள்ளும். எடுத்த நுரையில் ஒரு துண்டைக்கூட வீசாதே. வரப்போகும் தரைக்கு அடியில் அத்தனையையும் திணி. என் தலைமேல் சத்தியம் பண்ணு.

பலகைக்குக் கடைக்குப் போகவே வேண்டாம். என் கராஜுக்குப் பின்னால் தார்ப்பாய் மூடி மூன்று பலகை இருக்கிறது, போன வருஷம் வீட்டு முன்வாசலுக்கு மரத்தரை போட்டதில் மிஞ்சியது. மருந்தேற்றிய பிளைவுட். அழுகவே அழுகாது. அப்பா தன் படகில் அதைத்தானே போட்டார், பதினெட்டு வருஷம் ஓடியது. சாவி அந்தப் பழைய பூந்தொட்டிக்கு அடியில். மேலே கம்பளம் ஒட்டிவிடு, மச்சான் கால் வழுக்காது.

நீ கேட்டாயே, அது போதும் எனக்கு.

உன் தம்பி
லைல்

*

ஸ்டாடார்ட்
30 மே

லைல்,

நுரை விஷயம் இப்போதுதான் தெரிந்தது. கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வாரம் கொட்டகைப் பக்கமே போகவில்லை. வெர்னிடம் வாசித்துக் காட்டினேன். அவர் காபியைக் குடித்து முடித்தார். "முட்டாப்பய. அன்னிக்கே சொல்லியிருந்தா ஒரு அறையோட முடிஞ்சிருக்கும்" என்றார். அவ்வளவுதான். எனக்கு அவ்வளவு சுலபமாக முடியாது. அவர் இருமும்போது பக்கத்தில் படுத்திருப்பவள் நான்.

ஆனாலும் வேலையைத் தொடங்கினேன். எப்படி என்று கேட்காதே. கோபத்தோடுதான். தகடு வெட்டும் கிரைண்டர் சத்தத்துக்கு ரூபி மூன்று நாள் பக்கத்து வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டது. இப்படி ஒரு வேட்டை நாய் எனக்கு வாய்த்திருக்கிறது. துப்பாக்கிக்குப் பயமில்லை, கிரைண்டருக்குப் பயம். ஓரத்தில் ஒரு முழம் விட்டேன். நுரையை எடுத்து ஒரு துண்டு விடாமல் தரைக்கு அடியில் திணித்தேன். மிஞ்சிய இடத்துக்குப் புதிதாகவும் வாங்கிப் போட்டேன். உன் பலகையைத்தான் வெட்டிப் பதித்தேன். எஃகுத் திருகு, மேலே சாம்பல் நிறக் கம்பளம், ஓரம் வரை பசை.

வெர்ன் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து அதிகாரம் பண்ணினார். "அங்க ஒரு ரிவெட். இல்ல, அங்க இல்ல, அங்க." நான் கிரைண்டரை அவர் பக்கம் நீட்டியதும் அடங்கினார்.

ஒன்று சொல்கிறேன், தலைக்கு ஏற்றிக்கொள்ளாதே. நாற்பத்தொன்பது வருஷத்தில் நீ சொன்னதை நான் அப்படியே செய்தது இதுதான் முதல் தடவை. கடையில் வேறு பலகை போடச் சொன்னார்கள், விலை கூடியது. "என் தம்பி இதைத்தான் போடச் சொன்னான்" என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்ன பிறகு எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

போன ஞாயிறு தண்ணீரில் இறக்கினோம். சமதரை, முதுகு வைத்த நாற்காலி, வெர்ன் நடந்து போய் உட்கார்ந்தார். எதையும் தாண்டவில்லை. முப்பத்திரண்டு புளூகில் மீன். வறுத்துத் தின்றோம். படகை இனி கோடை முழுக்கத் துறையிலேயே கட்டி வைக்கப் போகிறேன். தினமும் டிரெய்லரில் ஏற்றி இறக்க எனக்கு இடுப்பு இல்லை.

ஆர்டிஸ்

*

டூ ஹார்பர்ஸ் துறை, மின்னசோட்டா
21 ஜூன்

அக்கா,

"என் தம்பி சொன்னான்" என்கிற வரியை எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் கேலி செய்வாய். சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் வாசித்தேன். எங்கள் இரண்டாவது இஞ்சினியர் மிலோ, "மூணு தடவை கேட்டாச்சு, சூப் ஆறுது" என்று கத்தினான்.

மச்சான் இருமல் பற்றி எழுதியிருந்தாய். அதற்குப் பதில் எழுதி எழுதி நாலு காகிதம் கிழித்தேன். மன்னிப்பு என்ற வார்த்தையை எழுதினால் நீ கடிதத்தையே கிழிப்பாய். அதனால் எழுதவில்லை. எழுதவில்லை என்பதை மட்டும் தெரிந்துகொள்.

படகைத் தண்ணீரில் பார்க்க ஆசையாக இருக்கிறது. ஜனவரியில்தான் என்னால் கப்பலை விட்டு இறங்க முடியும், அப்போது ஆறு உறைந்திருக்கும். மோட்டார், பெட்ரோல் டாங்க், பேட்டரி மூன்றையும் பின்னால் குவிக்காதே. டாங்கை முன்னே தள்ளு. வாத்து கண்ணில் படாமல் ஒளிந்து உட்கார மறைப்புக் கட்டும்போது தாழ்வாகக் கட்டு, மேலே போகப் போகக் காற்று பிடிக்கும். மச்சானுக்கு எப்போதும் மிதவைச் சட்டை, கோட்டுக்கு மேலேதான், உள்ளே இல்லை.

ரொம்பச் சொல்கிறேனா?

லைல்

*

ஸ்டாடார்ட்
10 செப்டம்பர்

லைல்,

ஆமாம், ரொம்பத்தான் சொல்கிறாய். ஆனால் டாங்கை முன்னே தள்ளிவிட்டேன்.

படகைத் துறையிலிருந்து கொட்டகைக்கு ஏற்றிவந்துவிட்டேன், இப்போது சேற்று நிறம். பளபளப்பு போக இரண்டு பூச்சு. பூசி முடித்துக் கொட்டகை வாசலில் வைத்தால் தபால்காரர் அதன் மேல் இடித்துக்கொண்டார், அந்த அளவுக்கு மறைந்திருக்கிறது. மறைப்புக்கு, வீட்டுச் சுவரில் மின்கம்பி ஓடுமே, அந்தக் குழாயை வளைத்து நாலு வளையம் செய்தேன். அதில் கோரைப் பாய் கட்டியிருக்கிறேன். ஒரு கயிற்றை இழுத்தால் இரண்டு பக்கமும் சாய்ந்துவிடும், வெர்ன் எழுந்திருக்காமலே சுடலாம். உட்கார்ந்து ஒத்திகை பார்த்தார். விளக்குமாற்றை வைத்துக் கண்ணுக்குத் தெரியாத ஏழு வாத்துக்களைச் சுட்டார். ரூபி ஏழையும் தேடி ஓடியது. நான் கொட்டகைக்குப் பின்னால் போய்க் கொஞ்சம் அழுதேன், அது வேறு விஷயம்.

தேதி குறித்துவிட்டோம். நவம்பர் நாலு, சனிக்கிழமை. பழைய ரயில் பாலத்துக்குப் பின்னால், அவருடைய பழைய இடம்.

சின்னத் தொந்தரவு ஒன்று இருக்கிறது. ஆகஸ்டில் துறைக்குக் காலையில் போய்ப் பார்க்கும்போதெல்லாம் பின்பக்கம் ஒரு குவளை தண்ணீர் நின்றது. மழை கம்பளத்தில் ஊறி இறங்குகிறது என்கிறார் வெர்ன். நான் தகட்டை இணைக்கும் ரிவெட் ஆணி தளர்ந்திருக்கும் என்று நாலைத் தட்டி இறுக்கினேன். இன்னொன்று, தரை ஓரத்தில் பேட்டரி முனையில் பூக்குமே, அந்த மாதிரி வெள்ளையாகப் பொடி பூக்கிறது. துடைத்தால் போய்விடுகிறது, மறுநாள் திரும்ப வருகிறது. பழைய அலுமினியம் அப்படித்தானோ என்னவோ.

போன கடிதத்துக்கு நான் பதில் போட இவ்வளவு நாள் ஆனது கோபத்தால் இல்லை. தோட்டத்தில் தக்காளிப் பறிப்பு, அப்புறம் மறைப்பு, அப்புறம் அவருக்குக் காய்ச்சல் ஒரு வாரம். இப்போது தேவலை.

ஆர்டிஸ்

*

ஹ்யூரான் ஏரி
29 அக்டோபர், ஞாயிறு

அக்கா, உடனே படி, முழுசாகப் படி.

உன் செப்டம்பர் கடிதம் நேற்றுத்தான் என் கைக்கு வந்தது. ஏழு வாரமாக எங்களை மிஷிகன் ஏரிக்குத் திருப்பிவிட்டார்கள், டெட்ராய்ட் பக்கமே வரவில்லை. அது அங்கே பையில் கிடந்திருக்கிறது. வழக்கம்போல மேசையில் வாசித்தேன். விளக்குமாற்று வாத்து வந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். வெள்ளைப் பொடி என்று வந்ததும் மிலோ கரண்டியைக் கீழே வைத்தான்.

"என்ன பலகை போட்டாங்க உங்க அக்கா?"

"மருந்தேத்தினது. நான்தான் குடுத்தேன்."

"எப்ப வாங்கினது?"

"போன வருஷம்."

"அடப்பாவி" என்றான்.

அக்கா, அப்பா போட்ட பலகையும் இதுவும் ஒன்று இல்லையாம். பழைய மருந்தில் விஷம் இருந்தது என்று இரண்டு மூன்று வருஷத்துக்கு முன்னால் மாற்றிவிட்டார்களாம். புதிய மருந்தில் செம்பு மிக அதிகம். செம்பு ஈரத்தோடு அலுமினியத்தைத் தொட்டால் அரித்துத் தின்றுவிடும். நீ கோடை முழுக்கப் படகைத் தண்ணீரிலேயே கட்டியிருக்கிறாய். மேலே கம்பளம், அடியில் ஈரம் காயவே வழியில்லை. அந்த வெள்ளைப் பொடி உன் படகின் அடித்தகடுதான். ரிவெட் ஒன்றும் தளரவில்லை. ஊசி ஊசியாக ஓட்டை விழுந்துகொண்டிருக்கிறது. தரை மூடியிருப்பதால் உள்ளே எவ்வளவு தண்ணீர் புகுந்தாலும் கம்பளத்துக்கு மேலே வரும்வரை உனக்குத் தெரியாது.

நான்தான் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவை நான் சொன்னதைக் கேட்டாய், அதுவும் இதுவாகிவிட்டது.

படகைத் தண்ணீரில் இறக்காதே. மச்சானை அதில் ஏற்றாதே. சனிக்கிழமை வேண்டாம். தரையைப் பெயர்த்துப் பார், நான் சொல்வது பொய் என்றால் அடுத்த பத்து வருஷம் என்னோடு பேசாதே. போர்ட் ஹ்யூரானைத் தாண்டும்போது சிக்னல் கிடைத்தது, வீட்டுக்கு ஐந்து முறை அடித்தேன். பதிவுக் கருவிதான் எடுத்தது. "அக்கா" என்று தொடங்காமல் "படகு" என்று தொடங்கினேன், ஒருவேளை கேட்பாய் என்று. மறுபடியும், அடுத்த ஏரிக்கு ஏறும் சூ மதகில் கப்பல் நிற்கும்போது அடிப்பேன். இதையும் அங்கேயே தபாலில் போடுகிறேன். சனிக்கு முன்னால் வந்துவிடும், வந்துவிட வேண்டும்.

லைல்

*

ஸ்டாடார்ட்
30 அக்டோபர், திங்கள்

லைல்,

உன்னிடமிருந்து பதில் வந்து நாலு மாதம் ஆகிறது. சரி, பழகியதுதான். தேதியை மட்டும் தெரிவிக்கிறேன், நினைத்துக்கொள்வாய் என்று.

சனிக்கிழமை இல்லை, புதன்கிழமை காலை. வடக்கே எல்லாம் உறைகிறதாம். செவ்வாய் ராத்திரி வடகாற்று திரும்புகிறது, பச்சைத்தலை கூட்டம் கூட்டமாக வரும். சனிக்குள் எல்லாம் தெற்கே போய்விடும் என்கிறார் வெர்ன். "நாலு நாள்தானே, என் மூச்சு தாங்குமான்னு நீயே சொல்லு" என்று கேட்டார். நாட்காட்டியில் சனியை அடித்துவிட்டுப் புதனை வட்டமிட்டேன்.

நேற்று ஐந்து தடவை போன் அடித்தது, நான் எடுக்கவில்லை. பதிவில் உன் குரல். நீ குடித்துவிட்டுக் கூப்பிடும் ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குத் தெரியும், அழித்துவிட்டேன். எழுத்தில்தான் என்று பேசியிருக்கிறோம்.

பயமாக இருக்கிறது, லைல். வெர்னிடம் சொல்லவில்லை. ஆனால் நுரை எல்லாம் உள்ளே இருக்கிறது, நானே என் கையால் திணித்தேன். அதை நினைத்துக்கொண்டு தூங்குகிறேன்.

ஆர்டிஸ்

*

டூ ஹார்பர்ஸ் துறை
1 நவம்பர், புதன், காலை 9.20

அக்கா,

யாருக்கு எழுதுகிறேன் என்றே தெரியவில்லை. எழுதாமல் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும்.

சூ மதகில் நாலு தடவை அடித்தேன். இன்று இங்கே கட்டியதும் ஒரு தடவை. நீ எடுக்கவில்லை. சரி, யாராவது நேரில் போய்ச் சொல்லட்டும் என்று தூண்டில் இரைக் கடை டொலோரஸுக்கு அடித்தேன்.

"அக்கா வீட்டுக்குக் கொஞ்சம் போயிட்டு வாங்களேன், சனிக்கிழமை படகை எடுக்க வேண்டாம்னு சொல்லணும்."

"எந்தச் சனிக்கிழமை? விடியறதுக்கு முன்னாடியே போயிட்டாங்கப்பா. டிரெய்லர் காலியா துறையில நிக்குது, இங்கேருந்தே தெரியுது. வெர்ன் ராஜா மாதிரி நாற்காலியில உக்காந்து கையைக் காட்டிட்டுப் போனாரு."

நான் கத்தினேன். படகு ஓட்டை, தரைக்கு அடியில் ஓட்டை என்று என்னென்னவோ கத்தினேன். "காலங்காத்தால குடிச்சிருக்கியாடா? கடையில ஆளு நிக்கிறாங்க" என்று வைத்துவிட்டாள். ஊருக்கே நான் குடிகாரன்தான், யாரைக் குறை சொல்வது. திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை. திரும்பவும் அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. அதற்கப்புறம் உன் வீட்டுக்கே ஒரு முறை அடித்தேன், காலி வீடு என்று தெரிந்தும்.

10.45. தாது ஏற்றி முடித்துவிட்டார்கள். கயிறு அவிழ்க்கக் கூப்பிடுகிறார்கள். மிலோ என் முறையைத் தான் பார்ப்பதாகச் சொல்லி என்னைத் துறை விளிம்பில் சிக்னல் கிடைக்கும் இடத்தில் நிறுத்தினான். டொலோரஸ் இன்னும் எடுக்கவில்லை. கடை திறந்திருக்கும் நேரம்.

2 நவம்பர், சூ மதகு. டொலோரஸின் கடைப் பையன் எடுத்தான். "ஆம்புலன்ஸ் வந்துச்சு, எனக்கு வேற ஒண்ணும் தெரியாதுங்க" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அதற்குள் கப்பல் மதகை விட்டு நகர்ந்து சிக்னல் அறுந்துவிட்டது.

டெட்ராய்ட்டில் வாளியில் இதைப் போடுகிறேன். வாளி மேலே வரும்போது அதில் என்ன இருக்கும் என்று நினைக்க முடியவில்லை.

*

லா கிராஸ், ஆஸ்பத்திரி
2 நவம்பர், வியாழன்

தம்பி,

வெர்ன் உயிரோடு இருக்கிறார். முதலில் அதைப் படித்துக்கொள். மூச்சு விட்டுக்கொள். பிறகு மீதியைப் படி.

உன் போனுக்கு நான் ஆறு தடவை அடித்துவிட்டேன், கிடைக்கவில்லை. நீ ஏரிக்குள் இருக்கிறாய். இதை விரைவுத் தபாலில் போடுகிறேன், டெட்ராய்ட்டில் உனக்கு முன்னால் போய் நிற்க வேண்டும்.

நேற்று ஆறரைக்கு இடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். வடகாற்று முகத்தை அறுத்தது. ஒரு மூட்டை பொம்மை வாத்துக்களைத் தண்ணீரில் விட்டேன், இன்னொன்றை அவிழ்க்கவே இல்லை. அதற்குள் இறங்க ஆரம்பித்துவிட்டன. நான் என்னவென்று சொல்வேன், வானம் முழுக்கப் பச்சைத்தலை. வெர்ன் இரண்டு வாத்துக்களை வீழ்த்தினார். இரண்டாவது விழுந்ததும் துப்பாக்கியை மடியில் வைத்துவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தார். "சுடலையா?" என்றேன். "போதும். பாக்கணும்னுதான் வந்தேன்" என்றார்.

எட்டேகால் இருக்கும். ரூபி எழுந்து நின்றது. படு என்றேன், படுக்கவில்லை. அது படுத்திருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தேன். கம்பளம் சொதசொதவென்று இருந்தது. நாயால் வந்த ஈரம் என்று நினைத்தேன். எழுந்து நின்றபோது என் பூட்ஸைச் சுற்றித் தண்ணீர் ஏறியது. பின்பக்கம் போவதற்குள் கணுக்கால். மோட்டாரைத் திருகினேன், பேட்டரி ஏற்கெனவே தண்ணீருக்குள். அலறவேண்டும் போல இருந்தது. ஆனால் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறைப்பைப் பிடுங்கி வீசினேன். தோட்டாப் பெட்டி, அடுப்பு, காபி, எல்லாம் போயிற்று. பொம்மை வாத்து மூட்டையையும் தூக்கினேன். "அதை வீசாத ஆர்டிஸ், அது எனக்குத் தெரிஞ்ச மூட்டை" என்றார். அந்த நேரத்திலும் அந்த மனிதருக்குக் கிண்டல். அதை அவர் காலுக்கு அடியில் வைத்துக் காலைத் தண்ணீருக்கு மேலே தூக்கினேன். அப்புறம் மூன்று முறை சுட்டேன், ஆபத்துக்கு அதுதானே அடையாளம். கொஞ்ச நேரம் கழித்து, கோட்டுப் பையில் கிடந்த தோட்டாக்களைப் போட்டு மறுபடியும் மூன்று. அப்புறம்தான் உறைத்தது. வாத்துத் துப்பாக்கியில் மூன்று தோட்டாதான் போட அனுமதி, காலையிலிருந்து ஆறு முழுக்க எல்லோரும் மூன்று மூன்றாகத்தான் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

படகு இறங்கிக்கொண்டே இருந்தது. விளிம்புக்கும் ஆற்றுக்கும் நாலு விரல் இருக்கும்போது நின்றுவிட்டது. அதற்கு மேல் இறங்கவில்லை. சாயவும் இல்லை. தட்டு மாதிரி சமமாக நின்றது. நுரை, லைல். நான் முழங்கால் தண்ணீரில் அவரைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டு நின்றேன். அவர் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அறுபது வரை எண்ணுவேன், திரும்ப ஒன்றிலிருந்து எண்ணுவேன்.

அப்போதுதான் மோட்டார் சத்தம். டொலோரஸ். கடையில் கட்டும் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல், வாடிக்கையாளரை நிற்க வைத்துவிட்டுத் தன் படகில் வந்திருக்கிறாள். என்னைப் பார்த்து முதல் வார்த்தை என்ன தெரியுமா? "உன் தம்பி குடிச்சிட்டு உளர்றான்னு வச்சிட்டேன் ஆர்டிஸ். ஆனா அவன் அழுதான். குடிச்சா அவன் சிரிப்பான், அழ மாட்டான். அதான் வந்தேன்."

வெர்னுக்குச் சளி கட்டியிருக்கிறது, மூக்கில் குழாய், நாலைந்து நாள் இருக்கச் சொல்கிறார்கள். இனி ஆற்றுக்குக் கிடையாது. அவரும் ஒப்புக்கொண்டுவிட்டார். குழாயைக் கழற்றிவிட்டுப் பேசக்கூடாது என்று நர்ஸ் திட்டியும் கழற்றிவிட்டு உனக்குச் சொல்லச் சொன்னார்: "ஒரு கையால தள்ளி விடுறான், இன்னொரு கையால தூக்குறான். ஒழுங்கா ரெண்டு கையையும் ஒரே பக்கம் வைக்கச் சொல்லு."

கோபம் போய்விட்டது என்று எழுதமாட்டேன். காலையில் அவர் இருமியபோது வந்தது. பலகையைக் குறித்து நீ எழுதிய கடிதம் வீட்டுப் பெட்டியில் இன்று கிடந்தது, அதைப் படித்தபோதும் வந்தது. போகட்டும்.

படகைத் துறையில் இழுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்தத் தரையை நான் தொடமாட்டேன். ஜனவரியில் நீ வந்து உன் கையால் பெயர்க்க வேண்டும். எங்கள் வீட்டில் தங்கு. பின் அறையில் துணி மடித்து வைத்திருக்கிறேன், எடுத்துவிடுகிறேன்.

துணி எடுக்க வீட்டுக்குப் போனபோது போன் விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்தவற்றை நான் அழித்துவிட்டேன், அப்புறம் வேட்டைக்கு மூட்டை கட்டியதில் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. அதற்குப் பிறகு வந்தவை ஆறு. கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்று வரிசையாகக் கேட்டேன். முதல் ஐந்திலும் கத்துகிறாய், படகு படகு என்கிறாய். ஆறாவதில் ஒன்றும் பேசவில்லை. கப்பல் சத்தம், காற்று, நீ அழுவது. கடைசியில் "அக்கா" என்கிறாய்.

அதை அழிக்கவில்லை.

ஆர்டிஸ்